இரத்தக் குழாயின் மடை: கண்டு சொன்ன பேலிஸ்

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் வானம் பார்த்த பூமி. மழை பெய்தால்தான் கண்மாய் பெருகும். பெருகிய தண்ணீரை வீணாக்காமல் வயல்களுக்குப் பங்கிட வேண்டும். அதற்கு மடை இருக்கிறது. மடையைக் கவனிக்க நீர்ப்பாய்ச்சி இருக்கிறார். தண்ணீரின் வேகம் மிஞ்சினால் மடைவாயைக் குறுக்குவார். குறைந்தால் அகலத் திறந்துவிடுவார்.

நம் உடலுக்குள்ளும் இப்படி எண்ணற்ற மடைகள் உள்ளன. அவைதாம் சிறு இரத்தக் குழாய்கள். அங்கே நீர்ப்பாய்ச்சி யார்? மூளையா? நரம்பா? அல்லது மடையே தன்னைத் தான் காத்துக்கொள்கிறதா? 1902-ஆம் ஆண்டில் இதற்கு விடை கண்டவர் இங்கிலாந்து நாட்டு அறிஞர் வில்லியம் பேலிஸ்.

பரீட்சையில் தோல்வி

பேலிஸ் 1860-ஆம் ஆண்டு மே 2-ந் தேதி பிறந்தார். தந்தை இரும்புக் கதவுகளும் வேலிகளும் செய்யும் தொழிற்சாலையின் சொந்தக்காரர். செல்வத்துக்குக் குறைவில்லை. ஆனால் மகனுக்கு டாக்டர் ஆக வேண்டும் என்று ஆசை. லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில் சேர்ந்தார். உடற்கூறு பரீட்சையில் தோற்றுப்போனார்!

டாக்டர் படிப்பை விட்டார்; படிப்பை விடவில்லை. உடலின் உறுப்புகள் எப்படி வேலை செய்கின்றன என்று ஆராயும் உடலியலில் இறங்கினார். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் 1888-ல் முதல் வகுப்பில் தேறினார். பிறகு பழைய லண்டன் கல்லூரிக்கே திரும்பி, வாழ்நாள் முழுவதும் அங்கேயே உழைத்தார்.

அங்கே அவருக்கு உற்ற நண்பர் எர்னஸ்ட் ஸ்டார்லிங். 1893-ல் ஸ்டார்லிங்கின் சகோதரி கெர்ட்ரூடை பேலிஸ் மணந்தார். மைத்துனர்கள் இருவரும் சேர்ந்து, குடலில் பிறந்து இரத்தத்தில் கலந்து கணையத்தைச் சுரக்கவைக்கும் செக்ரட்டின் என்ற பொருளை 1902-ல் கண்டுபிடித்தார்கள். ஹார்மோன் என்று இன்று எல்லோரும் சொல்கிறோமே, அந்த வகைப் பொருள் அது.

இழுத்தால் இறுகும்

அதே ஆண்டில் பேலிஸ் இரத்தக் குழாயைப் பற்றித் தனியாக ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்.

இதயத்திலிருந்து இரத்தத்தைக் கொண்டுபோகும் குழாயின் சுவரில் தசை உண்டு. வண்டிச் சக்கரத்தைச் சுற்றிய இரும்புப் பட்டை போல, நுண்ணிய தசை அணுக்கள் குழாயைச் சுற்றி அமைந்துள்ளன. அவை சுருங்கினால் குழாய் குறுகும், தளர்ந்தால் விரியும். நரம்பின் கட்டளையால் இது நடக்கிறது என்பது முன்பே தெரிந்த செய்தி.

நரம்பே இல்லாவிட்டால்? பேலிஸ் பிராணிகளின் காலுக்குப் போகும் நரம்புகளைத் துண்டித்துப் பார்த்தார். உடலிலிருந்து எடுத்த குழாயையும் சோதித்தார். உள்ளே அழுத்தம் கூடினால் ரப்பர் குழாய் விரிந்துகொண்டே போகும். இரத்தக் குழாயோ எதிர்த்து இறுகியது! அழுத்தம் குறைந்தபோது தளர்ந்தது. ஆக, தன்னை இழுக்கும் விசையைத் தசையே உணர்கிறது என்று முடிவு கட்டினார்.

குழாயின் உள் அகலம் பாதியானால், அதில் ஓடும் இரத்தம் பாதியாவதில்லை. அதே அழுத்தத்தில் பதினாறில் ஒரு பங்காகிவிடும். அதனால் தசை சிறிது அசைந்தாலே போதும், ஓட்டம் பெரிதும் மாறும்.

குனிந்து களையெடுத்தவர் சட்டென்று நிமிர்கிறார். இரத்தம் காலை நோக்கி இறங்குகிறது. மூளைக்குப் போகும் இரத்தத்தின் அழுத்தம் குறைகிறது. உடனே மூளையின் சிறு குழாய்கள் தளர்ந்து வழிவிடுகின்றன. பெரும்பாலும் அவர் மயங்கி விழாமல் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வழக்கும் யுத்தமும்

1903-ல் பேலிஸுக்குச் சோதனை வந்தது. மாணவர்களுக்குப் பாடம் காட்ட ஒரு பழுப்பு நிற நாயை அவர் அறுத்தபோது அதற்குச் சரியாக மயக்கமருந்து கொடுக்கவில்லை என்று ஸ்டீபன் கோல்ரிட்ஜ் என்பவர் பொதுக்கூட்டத்தில் குற்றம் சாட்டினார். பேலிஸ் அவதூறு வழக்குப் போட்டு வென்றார். நஷ்ட ஈடாகக் கிடைத்த 2,000 பவுனையும் கல்லூரியின் ஆராய்ச்சிக்கே கொடுத்துவிட்டார். ஆனாலும் மக்களின் கோபம் ஆறவில்லை. 1906-ல் லண்டனில் அந்த நாய்க்குச் சிலை வைத்தார்கள். பிராணிகளை வைத்து ஆராயலாமா என்ற வாதம் இன்றும் ஓயவில்லை.

பிறகு முதல் உலக யுத்தம். குண்டடிபட்ட சிப்பாய்கள் இரத்தம் இழந்து மடிந்தார்கள். உப்புநீரை ஏற்றினால் அது குழாயில் நிற்காமல் வெளியே கசிந்துவிடும். அதில் வேலம் பிசினைக் கரைத்து ஏற்றும் முறையை பேலிஸ் வகுத்தார். பிசின் நீரைக் குழாய்க்குள் பிடித்து வைத்தது. நம் கண்மாய்க்குள் நிற்கும் கருவேல மரத்துக்கு உறவான ஆப்பிரிக்க மரத்தின் பிசின் அது! பின்னாளில் இரத்தம் ஏற்றும் முறை பரவியதும் பிசின் கைவிடப்பட்டது.

1922-ல் பேலிஸுக்குச் சர் பட்டம் கிடைத்தது. 1924 ஆகஸ்டு 27-ல், 64-ஆம் வயதில் காலமானார்.

காலம் தந்த தீர்ப்பு

அவர் வாழ்ந்தபோதே அவருடைய குழாய்க் கொள்கையைச் சிலர் மறுத்தார்கள். இரத்தத்தில் கலக்கும் பொருள்களே குழாயை இறுக்கின என்று வாதாடினார்கள். 1949-ல் ஸ்வீடன் நாட்டு அறிஞர் போல்கோவ் மீண்டும் ஆராய்ந்து பேலிஸின் பக்கம் நின்றார். இன்று அது பேலிஸ் விளைவு என்றே வழங்குகிறது. தசை அணு இழுபடும்போது அதன் தோலிலுள்ள நுண்ணிய வாயில்கள் திறக்கின்றன, சுண்ணாம்புச் சத்து உள்ளே பாய்கிறது, அணு சுருங்குகிறது.

ஆனால் காவலுக்கும் ஓர் அளவு உண்டு. இரத்த அழுத்தம் ஓயாமல் உயர்ந்தே இருந்தால் தசை அணுக்கள் ஓயாமல் இறுகிக் கிடக்கும். நாளடைவில் சுவர் தடித்துவிடும், வழி குறுகிவிடும். இதயத்துக்குப் பாரம் கூடும். மூளை, சிறுநீரகம் எல்லாவற்றுக்கும் ஆபத்து.

இது வலியில்லாமல் நடக்கும். அதனால்தான் கையில் பட்டை கட்டி அளந்து பார்க்கச் சொல்கிறார்கள் டாக்டர்கள். 120-க்கு 80 என்பது நல்ல அளவு. பல முறை பார்த்தும் 140-க்கு 90-ஐத் தாண்டினால் வைத்தியம் வேண்டும். உப்பைக் குறைப்பதும், புகையிலையை விடுவதும், நடப்பதும், டாக்டர் தந்த மாத்திரையை நிறுத்தாமல் சாப்பிடுவதும் குழாய்க்கு இளைப்பாறுதல் தரும். மடையைக் காப்பது தசையின் வேலை. அந்தத் தசையைக் காப்பது நம் வேலை.