மாண்டிசோரி அம்மையார்

இத்தாலி நாட்டின் கீழைக் கடற்கரையில் ஆங்கோனா என்னும் துறைமுக நகருக்கு அருகே கியாரவல்லே என்றொரு சிற்றூர் உண்டு. அவ்வூரில் 1870-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 31-ஆம் நாள் மேரியா மாண்டிசோரி பிறந்தார். தந்தையார் அலெசாந்திரோ அரசாங்க அலுவலர். பழைய வழக்கங்களில் பற்று மிக்கவர். அன்னையார் ரெனில்தே நூல்களைக் கற்பதில் பேரார்வம் உடையவர். மேரியா ஐந்தாண்டுக் குழந்தையாக இருந்தபோது அக்குடும்பம் தலைநகராகிய உரோமாபுரியில் குடியேறியது.

கல்வி பெற்ற பெண்டிர்க்கு ஆசிரியத் தொழில் ஒன்றே ஏற்றது என்று அந்நாளில் கருதப்பட்டது. பெற்றோரும் அதனையே விரும்பினர். மேரியாவோ வேறு எதுவாயினும் ஆவேன், ஆசிரியை மட்டும் ஆகேன் என்று உறுதிகொண்டார். பிற்காலத்தில் உலகத்து ஆசிரியர்களுக்கெல்லாம் ஆசிரியராக விளங்கியவர் இளமையில் இவ்வாறு எண்ணினார் என்பது வியப்பே. பொறியியல் கற்கும் எண்ணத்தோடு ஆண்களுக்குரிய தொழில்நுட்பப் பள்ளியில் சேர்ந்தார். பின்னர் மனம் மாறி மருத்துவம் பயிலத் துணிந்தார். தந்தையார் இசையவில்லை, அன்னையார் துணைநின்றார். ஆடவர் நடுவே ஒரு பெண் பிணத்தை அறுத்துப் பார்த்தல் தகாது எனக் கருதப்பட்டமையால், மாணவர் அனைவரும் சென்ற பின்னர், இருள் சூழ்ந்த அறையில் பிணங்களின் நடுவே தன்னந்தனியே நின்று அவர் உடற்கூறு பயின்றார். 1896-ஆம் ஆண்டு உரோமாபுரிப் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்று, இத்தாலியின் முதற் பெண் மருத்துவர் சிலருள் ஒருவரானார்.

பல்கலைக்கழகத்தின் மனநோய் மருத்துவப் பிரிவில் பணியாற்றியபோது, நோயாளிகளைத் தேர்ந்தெடுக்கும்பொருட்டு அவர் நகரத்துப் பித்தர் விடுதிகளுக்குச் செல்வதுண்டு. அங்கே அறிவு வளர்ச்சி குன்றிய சிறுவர்களும் பெரியவர்களோடு சேர்த்து அடைக்கப்பட்டிருந்தனர். ஓர் அறையில் குழந்தைகள் உணவு உண்டபின் தரையில் விழுந்து ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்குவதைக் காவற்பெண் அருவருப்போடு சுட்டிக்காட்டினாள் என்பர். மாண்டிசோரி அந்த அறையைச் சுற்றிலும் நோக்கினார். கையால் எடுத்துப் பார்ப்பதற்கு அங்கே ஒரு பொருளும் இல்லை. அக்குழந்தைகள் தேடியது உணவன்று, கைகளுக்கும் கண்களுக்கும் ஒரு வேலையே என்று அவருக்குத் தோன்றியது.

அன்று முதல் அவர் சிந்தனை மருத்துவத்திலிருந்து கல்வியின்பாற் சென்றது. இத்தார், செகுவேன் என்னும் பிரெஞ்சு மருத்துவர் இருவர் இத்தகைய குழந்தைகளைப் பற்றி எழுதியிருந்த நூல்களைத் துருவிக் கற்றார். 1900-ஆம் ஆண்டில் அறிவு குன்றிய சிறுவர்க்கென நிறுவப்பெற்ற பள்ளியை நடத்தும் பொறுப்பு அவரை அடைந்தது. இரவு பகலாக உழைத்துப் பல கருவிகளைச் செய்வித்தார். அவரிடம் பயின்ற சிறுவர் சிலர் பொதுப் பள்ளி மாணவர்க்குரிய தேர்வில் தேறினர். மக்கள் அவரைப் பாராட்டினர். அவர் உள்ளத்திலோ வேறொரு வினா எழுந்தது: குறையுள்ள குழந்தைகள் நல்ல குழந்தைகளுக்கு நிகராகத் தேறினால், அந்த நல்ல குழந்தைகளைப் பள்ளிகள் எந்த அளவுக்கு முடக்கி வைத்துள்ளன?

இக்காலத்து அவர் வாழ்வில் ஒரு பெருந்துயரும் நேர்ந்தது. 1898-ஆம் ஆண்டில் அவருக்கு மரியோ என்னும் மகன் பிறந்தான். மணம் நிகழாத நிலையில் பிறந்த குழந்தையாதலின், உலகப் பழிக்கு அஞ்சி அவனை நாட்டுப்புறத்தில் வேறொரு குடும்பத்தில் விட்டு வளர்க்க நேர்ந்தது. ஊரார் குழந்தைகளுக்காக வாழ்ந்த அம்மையார் தம் மகனை அவ்வப்போது சென்று கண்டு வருவதோடு அமையவேண்டியதாயிற்று. அன்னையார் மறைந்த பின்னரே, 1913-ஆம் ஆண்டில், மரியோ அவரோடு வந்து சேர்ந்தார். அதன் பின்னரும் உறவினர் என்றே அவரைப் பிறர்க்கு அறிமுகம் செய்துவந்தார்.

உரோமாபுரியின் ஒரு பகுதி சான் லொரென்சோ. வறுமையும் குற்றமும் மலிந்த இடம் அது. கட்டடச் சங்கம் ஒன்று அங்கிருந்த வீடுகளைப் புதுப்பித்து ஏழைத் தொழிலாளரைக் குடியேற்றியது. பெற்றோர் வேலைக்குச் சென்றபின் சிறு குழந்தைகள் மாடிப்படிகளில் திரிந்து சுவர்களைப் பாழாக்கின. அவர்களைக் காத்துக்கொள்ள ஓர் அறையை ஒதுக்கிய சங்கத்தார் மாண்டிசோரி அம்மையாரின் துணையை நாடினர். இவ்வாறு சுவர்களைக் காக்கும் நோக்கத்தோடு தோன்றியதே, 1907-ஆம் ஆண்டு சனவரி 6-ஆம் நாள் திறக்கப்பெற்ற 'குழந்தைகள் இல்லம்'. மூன்று முதல் ஆறு வயது வரையிலான ஐம்பதுக்கு மேற்பட்ட குழந்தைகள் அழுத கண்ணும் அஞ்சிய முகமுமாக அங்கே வந்து சேர்ந்தனர்.

அம்மையார் அவர்களுக்கு எதனையும் வலிந்து கற்பிக்கவில்லை. தாம் செய்வித்த கருவிகளை வைத்துவிட்டு, அவர்கள் செய்வதை உற்று நோக்கினார். ஒரு நாள் மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி வெவ்வேறு பருமனுள்ள மர உருளைகளை அவற்றிற்குரிய குழிகளில் பொருத்திக்கொண்டிருந்தாள். பொருத்தி முடித்தவுடன் அனைத்தையும் எடுத்துவிட்டு மீண்டும் தொடங்கினாள். மற்றக் குழந்தைகளைப் பாடச் சொன்னார். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. நாற்காலியோடு அவளைத் தூக்கி மேசைமேல் வைத்தார். அவள் உருளைகளை மடிமேல் வைத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தாள். நாற்பது முறைக்கு மேல் செய்தபின், உறங்கி விழித்தவள்போல் முகமலர்ச்சியோடு தானே நிறுத்திக்கொண்டாள். குழந்தையின் மனம் ஓரிடத்தில் நில்லாது என்னும் பழங்கொள்கை அன்று பொய்த்தது.

மற்றொரு நாள் ஆசிரியை காலந்தாழ்த்து வந்தார். கருவிகள் இருந்த அலமாரியையும் முன்னாள் பூட்ட மறந்துவிட்டிருந்தார். குழந்தைகள் தாமே கருவிகளை எடுத்து வேலை செய்யத் தொடங்கியிருந்தனர். ஆசிரியை அதனைத் திருட்டு என்று கருதினார். அம்மையாரோ, தமக்கு வேண்டியதைத் தாமே தேர்ந்தெடுக்கும் ஆற்றல் அவர்களுக்கு உண்டு என்று உணர்ந்தார். பூட்டிய அலமாரிகள் போயின. குழந்தைகளின் கைக்கெட்டும் உயரத்தில் தட்டுகள் வந்தன. அவர்கள் தூக்கிச் செல்லத்தக்க சிறு நாற்காலிகளும் மேசைகளும் வந்தன.

இத்துணைச் சிறுவர்க்கு எழுத்துக் கற்பிக்க அம்மையார் எண்ணவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார்களே வந்து வேண்டிக்கொண்டனர். அதன்பின் உப்புத்தாளில் எழுத்துகளை வெட்டி ஒட்டி, விரலால் தடவி ஒலியைச் சொல்லும்படி செய்தார். அவ்வாண்டு மார்கழியில் வெயில் காய்ந்த மொட்டைமாடியில், ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனிடம் சுண்ணக்கட்டியைத் தந்து, எதிரே தெரிந்த புகைபோக்கியை வரையச் சொன்னார். வரைந்து முடித்த அவன், அருகே 'கை' என்னும் சொல்லை எழுதினான். தன்னால் எழுத முடிகிறது என்று கூவினான். பிற சிறுவர்களும் ஓடிவந்து சுண்ணக்கட்டி கேட்டனர். அவர்களுட் சிலரும் முதன்முறையாக எழுதினர்.

இச்செய்தி நாடுகள்தோறும் பரவியது. 1909-ஆம் ஆண்டில் அவர் எழுதிய நூல் பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது. எதிர்ப்பும் இல்லாமற் போகவில்லை. குழந்தைகளின் கற்பனைக்கும் கூட்டு விளையாட்டிற்கும் இம்முறையில் இடம் போதாது என்று அமெரிக்கப் பேராசிரியர் கில்பாட்ரிக் 1914-ஆம் ஆண்டில் ஒரு நூலே எழுதினார். அதில் உண்மை சிறிதும் இல்லையென ஒதுக்கிவிட இயலாது.

இத்தாலியின் ஆட்சியைப் பற்றிய முசோலினி 1924-ஆம் ஆண்டு முதல் அம்மையாரின் பள்ளிகளுக்கு ஆதரவளித்தார். அவ்வாதரவை ஏற்றது அவர் வாழ்வின் ஒரு பிழை எனலாம். குழந்தைகளைக் கட்டளைக்குப் பணியும் படைவீரராக்க விரும்பிய ஆட்சியும், உரிமையோடு வளர்க்க விரும்பிய கல்வியும் நெடுநாள் ஒத்துச் செல்லவில்லை. 1934-ஆம் ஆண்டில் அவர் தாய்நாட்டை விட்டு வெளியேறினார். ஸ்பெயினில் தங்கினார்; அங்கே 1936-ஆம் ஆண்டில் உள்நாட்டுப் போர் மூளவே நெதர்லாந்துக்குச் சென்றார்.

1939-ஆம் ஆண்டின் இறுதியில், பிரம்மஞான சபையின் அழைப்பிற்கிணங்கி அம்மையாரும் மரியோவும் சென்னை அடையாற்றுக்கு வந்தனர். முந்நூறுக்கு மேற்பட்டோர் பயிற்சி பெறக் கூடினர். அம்மையார் இத்தாலிய மொழியில் பேச, மரியோ ஆங்கிலத்தில் பெயர்த்துரைத்தார். 1940-ஆம் ஆண்டு சூனில் இத்தாலி பிரிட்டனுக்கு எதிராகப் போரில் இறங்கியது. உடனே அவ்விருவரும் பகைநாட்டவர் ஆயினர். மரியோ அகமத்நகர்ச் சிறைமுகாமுக்கு அனுப்பப்பட்டார். அம்மையார் அடையாற்று எல்லையைக் கடத்தலாகாது எனத் தடை விதிக்கப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்டு 31-ஆம் நாள் அவருக்கு எழுபதாம் ஆண்டு நிறைவு. அந்நாளில் வைசிராயிடமிருந்து தந்தி ஒன்று வந்தது. பிறந்தநாட் பரிசாக மரியோவை விடுவித்திருப்பதாக அது தெரிவித்தது. அதில் மரியோ அம்மையாரின் மகன் என்றே குறிக்கப்பட்டிருந்தார். நாற்பதாண்டுக்கு மேலாக உலகின்முன் அவரால் சொல்லப்படாதிருந்த சொல் அது.

பின்னர்க் கோடைக்கானலில் சில ஆண்டுகள் தங்கினார். அங்கே மரஞ்செடிகளையும் பூச்சிகளையும் தேடித் திரட்டிய சிறுவர்களைக் கண்டு, ஓர் இலையைக் கற்பதன் வாயிலாக மண்ணும் நீரும் கதிரவனும் தம்முள் கொண்டுள்ள தொடர்பைக் கற்பிக்கும் முறையை மகனோடு சேர்ந்து வளர்த்தார். பிறந்தது முதல் மூன்று ஆண்டுகள் வரை குழந்தையின் உள்ளம் வளரும் வகையையும் இந்நாட்டிலேயே ஆழ்ந்து ஆராய்ந்தார். 1949-ஆம் ஆண்டில் இந்தியாவை விட்டு இறுதியாகச் சென்றார்.

நெதர்லாந்தின் கடற்கரையூராகிய நூர்த்விக்கில் 1952-ஆம் ஆண்டு மே 6-ஆம் நாள், எண்பத்தோராவது வயதில், அம்மையார் தம் மகனோடு அமர்ந்து உரையாடிக்கொண்டிருந்தார். ஆப்பிரிக்காவிற்குச் சென்று அங்குள்ள ஆசிரியர்களுக்குப் பயிற்சியளிப்பது குறித்தே பேச்சு நடந்தது. முதுமையைக் காட்டி மகன் தயங்கினார். சிறிது நேரத்திற்குள் அம்மையாரின் உயிர் பிரிந்தது.