வள்ளலார் தேர்ந்த வாழிடம்

சிதம்பரத்தை அடுத்த மருதூரில், 1823 அக்டோபர் 5 ஆம் நாள், இராமையா பிள்ளைக்கும் சின்னம்மையாருக்கும் ஐந்தாம் மகவாகத் தோன்றியவர் இராமலிங்கர். ஊர்க் கணக்கராகவும் சிறார்க்கு ஆசிரியராகவும் விளங்கிய தந்தையார் மறு ஆண்டே மறைந்தார். அன்னையார் ஐந்து மக்களையும் அழைத்துக்கொண்டு தம் பிறந்தகமாகிய சின்னகாவணத்திற்கு வந்தார். சின்னகாவணம் பொன்னேரியை அடுத்த சிற்றூர்; பொன்னேரி வழியே ஓடும் ஆரணியாறு நம் பழவேற்காட்டு ஏரியில்தான் கலக்கிறது. வள்ளலாரைச் சென்னைக்கும் வடலூருக்கும் உரியவராகவே எண்ணிப் பழகிய நாம், அவருடைய மழலைப் பருவத்திற்கு நிழல் தந்தது நம் ஏரிநாடு என்பதை மறந்துவிட்டோம்.

நம் வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலரில் அப்பெருமானை நினைவுகூர்வதற்கு மற்றொரு காரணமும் உண்டு. முகத்துவாரம் தூர்ந்து, வலையில் படுவது குறைந்துவரும் நம் குப்பங்களில், ஊரோடு இருப்பதா, பட்டினம் போவதா என்ற கேள்வி எழாத இல்லம் இல்லை. கவிஞர்களுக்கும் அதே கேள்வி வேறு உருவில் எழுகிறது. அச்சும் அவையும் புகழும் சென்னையில் இருக்க, ஏரிக்கரையில் அமர்ந்து எழுதுவதால் என்ன பயன் என்பது அது. இந்தக் கேள்வியைத் தம் வாழ்வாலேயே எதிர்கொண்டவர் வள்ளலார்.

சின்னகாவணத்தில் அக்குடும்பம் நெடுநாள் தங்கவில்லை. பிழைப்பை நாடிச் சென்னை ஏழுகிணறு பகுதியில் வீராசாமி பிள்ளை தெருவில் குடியேறியது. மூத்தவர் சபாபதி பிள்ளை புராணச் சொற்பொழிவு செய்து குடும்பத்தைத் தாங்கினார். தம்பியோ பள்ளியை நாடாமல் கந்தகோட்டத்தையே நாடினார். சினந்த தமையனார் அவரை வீட்டில் சேர்க்காதிருந்தபோது, அண்ணியார் பாப்பாத்தியம்மாள் மறைவாக அன்னமிட்டுக் காத்தார் என்பர். பசித்தோர் முகம் கண்டு பின்னாளில் உருகிய உள்ளம், பசியை முதலில் அறிந்தது பட்டினத்து வீதியில்தான் போலும்.

சென்னை அவருக்கு எதையும் மறுத்துவிடவில்லை. பாடல் பெருகியது. தமையனாருக்கு மாற்றாகச் சொற்பொழிவு ஆற்றியபோது கேட்டோர் வியந்தனர் என்பர். திருவொற்றியூருக்கு நாள்தோறும் நடந்து சென்று வழிபட்டார். தொழுவூர் வேலாயுத முதலியார் போன்ற அறிஞர்கள் மாணாக்கராயினர். 1851 இல் ஒழிவிலொடுக்கத்தைப் பதிப்பித்தார். 1854 இல் மனுமுறை கண்ட வாசகம் வெளிவந்தது. நம் மண்ணின் பெருமை பேசும் தொண்டமண்டல சதகத்தையும் ஆராய்ந்து அச்சேற்றினார். முப்பத்தைந்து வயதிற்குள் நகரம் ஒரு புலவருக்குத் தரக்கூடிய யாவும் அவரைத் தேடி வந்தன.

எனினும் 1858 அளவில் அவர் சென்னையை நீங்கினார். வேலை இழந்தோ, தோற்றோ சென்றவர் அல்லர். பொருளைத் தேடுவதே தொழிலாகிவிட்ட நகரத்தில் இருந்தால் தொல்லையே சூழும் என அஞ்சிச் சிற்றூர்ப் புறங்களை நாடியதாக, ஆறாம் திருமுறையின் பிள்ளைப் பெருவிண்ணப்பத்தில் அவரே இறைவனிடம் முறையிடுகிறார். அங்கே அவர் நாட்டுப்புறத்தை இன்ப உலகமாகப் புனைந்து காட்டவில்லை என்பதைக் கவிஞர்கள் கூர்ந்து நோக்க வேண்டும். காட்டிலும், பரற்கல்லிலும், புன்செய்க் களத்திலும் திரிந்து தாம் உற்ற இளைப்பு எழுத்தில் அடங்காது என்பதும் அதே பாட்டின் செய்தி. நகரத்தின் தொல்லையை விட்டவர் ஊர்ப்புறத்தின் துன்பத்தை அறிந்தே ஏற்றார்.

கருங்குழியில் வேங்கட ரெட்டியார் இல்லத்தில் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் தங்கினார். வாடிய பயிரையும், வீடுதோறும் இரந்தும் பசி நீங்காத ஏழையரையும் அவர் கண்டது இந்தச் சிற்றூர்ச் சூழலில். தனிமை நாடி வந்த துறவியின் வாழ்வு இங்கே திசை மாறிற்று. 1865 இல் சன்மார்க்க சங்கத்தை நிறுவினார். வடலூர் மக்கள் ஏறத்தாழ 80 காணி நிலத்தை மனமுவந்து அளிக்க, 1867 மே 23 ஆம் நாள் சத்திய தருமச்சாலை தொடங்கிற்று. அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் அன்னம் வடிக்கிறது.

சென்னையை நீங்கியவர், சென்னையில் கற்றதைத் துறக்கவில்லை. தருமச்சாலையோடு வைத்தியசாலையும் வேண்டுமென்றார். தமிழும் வடமொழியும் ஆங்கிலமும் கற்பிக்கும் சன்மார்க்க போதினி என்னும் பாடசாலை கண்டார். பத்திரிகை நடத்தவும் முயன்றார். சென்னை அன்பர் இறுக்கம் இரத்தின முதலியாரோடு ஓயாத கடிதத் தொடர்பு இருந்தது. பாடல்கள் கைக்கு வரும்வரை ஒருவேளையே உண்பேன் என்று அவ்வன்பர் உறுதி பூண்ட பின்னரே, பாடல்களை அச்சிட இசைந்தார். 1867 இல் வேலாயுத முதலியார் திருவருட்பாவைப் பதிப்பித்தார். அப்போதும் தம் பெயரோடு சாமி என்னும் அடைமொழி சேர்வது ஆரவாரமாகத் தோன்றுகிறது எனத் தடுத்து எழுதினார். நூல் நகரத்திற்குச் சென்றது, அவர் செல்லவில்லை.

ஊர்ப்புறம் அவருக்கு அமைதியையும் முழுதாகத் தரவில்லை. அருட்பா மருட்பாப் பூசல் அங்கும் தேடி வந்து, 1869 இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்றது. 1870 இல் மேட்டுக்குப்பத்திற்கு இடம் பெயர்ந்தார். 1872 சனவரி 25 தைப்பூசத்தன்று வடலூர்ப் பெருவெளியில் சத்திய ஞானசபை திறக்கப்பெற்றது. 1874 சனவரி 30 ஆம் நாள், தம் ஐம்பதாம் வயதில், மேட்டுக்குப்பம் சித்திவளாகத் திருமாளிகையின் அறைக்குள் புகுந்து திருக்காப்பிட்டுக் கொண்டார். பின்னர் அவரை எவரும் கண்டாரில்லை.

இவ்வரலாற்றைக் கொண்டு, குப்பத்தை விட்டு நகர் போகும் இளைஞரைக் குறைசொல்வது முறையாகாது. பிழைப்புக்காகச் சின்னகாவணத்தை விட்டுச் சென்னை சென்ற குடும்பம்தான் வள்ளலாரை நமக்குத் தந்தது. அக்கைம்பெண் தாய் அன்று ஊரைவிட்டு நகராதிருந்தால் கந்தகோட்டமும் இல்லை, அச்சுக்கூடமும் இல்லை. ஆனால் போனவர் திரும்பக்கூடாது என்ற விதியும் இல்லை. வள்ளலார் வாழிடத்தைத் தேர்ந்தபோது எங்கே வசதி என்று அளக்கவில்லை, எங்கே புகழ் என்றும் அளக்கவில்லை. அடுத்தவர் பசி கண்ணுக்குத் தெரியும் தொலைவில் இருந்தார். அதுவே அவருக்கு ஊராயிற்று.

நம் ஏரியில் பாடு முறை என ஒன்று உண்டு. நல்ல நீரில் ஒருவரே நாளும் வலை விரிக்காமல், முறை வைத்து இடம் மாற்றிக்கொள்ளும் பழைய ஏற்பாடு அது. அதைப் பற்றி ஏரிக்கரையில் இருப்பவர் எழுதாவிடில் வேறு யார் எழுதுவார்? பட்டினத்தில் இருந்தாலும் இக்கரையில் இருந்தாலும், நம் பாட்டின் கண் அடுத்த குடிசையின் அடுப்பைப் பார்க்கட்டும். பத்தாண்டு கடந்த நம் வட்டம் சின்னகாவணத்துக் குழந்தைக்குச் செலுத்தத் தக்க காணிக்கை அதுவே.