நுண்கணிதமும் ஸ்ரீநிவாச இராமாநுஜனும்

இலங்கையின் புகையிரத நிலையங்களுள் மிக உயரத்திலுள்ளது எமது பட்டிப்பொல நிலையம். அங்கிருந்து இறங்கிப் பல்கலைக்கழகம் புகுந்த தோட்டத்துப் பிள்ளைகள் மிகச் சிலர். அச்சிலருள் நாமும் ஒருவராகச் சென்று முதலாம் ஆண்டு நுண்கணித வகுப்பில் அமர்ந்தோம். பாடசாலையில் வகையீட்டையும் தொகையீட்டையும் தமிழிற் படித்து நல்ல பெறுபேறும் பெற்றவர் நாம். பல்கலைக்கழகத்திலோ விரிவுரைகள் அனைத்தும் ஆங்கிலத்தில். அதுவாவது பழகிவிடும். விடையைக் கேளாது, விடை ஏன் சரியென்று கேட்கும் வழக்கந்தான் எம்மைத் திகைக்க வைத்தது. முதற் பரீட்சையில் எமக்குக் கிடைத்த புள்ளிகளை இம்மலரில் அச்சேற்ற மனம் ஒப்பவில்லை.

விடுமுறைக்கு வந்தபோது ஊர்ப் பெரியவர் ஒருவர் எம்மைத் தேற்றினார். கணித மேதை இராமாநுஜனே கல்லூரியில் தோற்றவர்தாமே என்றார். அந்த ஆறுதலைப் பற்றிக்கொண்டு இராமாநுஜனின் வரலாற்றை முதலிலிருந்து முடிவுவரை படித்தோம். படித்து முடிந்தபோது ஆறுதல் குறைந்து வேறொரு கவலை பிறந்தது. அதனையே நேயர்களுக்குச் சொல்ல விரும்புகின்றோம்.

இராமாநுஜன் 1887 டிசம்பர் 22 ஆம் நாள் ஈரோட்டில், தாயைப் பெற்ற பாட்டியின் வீட்டிற் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணத்தில், சாரங்கபாணி சந்நிதித் தெருவில். தந்தையார் ஸ்ரீநிவாச ஐயங்கார் துணிக்கடை ஒன்றிற் கணக்கெழுதினார். எமது தோட்டத்து வழக்கிற் சொல்வதானால் கணக்கப்பிள்ளை; ஆனால், மலையேறிப் பிறரை அதட்டும் அதிகாரம் இல்லாத கணக்கப்பிள்ளை. தாயார் கோமளத்தம்மாள் தெய்வ பக்தி மிகுந்தவர். குடும்பத்தின் குலதெய்வம் நாமக்கல்லில் எழுந்தருளியிருக்கும் நாமகிரித் தாயார்.

உயர்நிலைப் பள்ளியில் இருக்கும்போதே லோனி என்பவர் எழுதிய திரிகோணகணித நூலைப் பிறர் துணையின்றிக் கற்றுத் தேர்ந்தார். 1903 இல், பதினைந்து வயதில், கார் என்னும் ஆங்கிலேயரின் கணிதத் தொகுப்பு நூல் அவர் கைக்கு எட்டியது. கார் பெரிய கணித ஞானி அல்லர். இலண்டனில் பரீட்சைக்கு மாணவரைத் தயார் செய்த ஆசிரியர். அட்சரகணிதம், திரிகோணகணிதம், வகையீடு, தொகையீடு என்று ஆயிரக்கணக்கான தேற்றங்களை அந்நூலில் வரிசையாக எழுதி வைத்திருந்தார். தேற்றங்கள் இருந்தன, நிறுவல்களோ மிகச் சுருக்கம், பல இடங்களில் இல்லவே இல்லை. ஏறக்குறைய ஒரு வாய்பாட்டுப் புத்தகம் என்னலாம். நூலிற் கண்ட ஒவ்வொன்றையும் தாமே செய்து பார்த்தார் இராமாநுஜன். செய்து பார்க்கையிற் புதியனவும் தோன்றின. கணிதம் என்றால் இப்படித்தான் எழுதுவது என்ற பழக்கமும் அப்பொழுதே படிந்துவிட்டது.

1904 இல் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் உபகாரச் சம்பளத்துடன் சேர்ந்தார். கணிதந் தவிர வேறெதையும் அவர் ஏறிட்டுப் பாராமையால் அப்பணம் நின்றது. மனமுடைந்து வீட்டுக்குச் சொல்லாமல் விசாகப்பட்டினம் வரை ஓடினார். 1906 இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் சேர்ந்தார். அங்கும் நோய் குறுக்கிட்டது. உடற்றொழிலியல் பாடம் அவருக்குப் பெரும் வெறுப்பாயிருந்தது. அவ்வாண்டுப் பரீட்சையிலும் தோல்வி. மறு ஆண்டு தனிப்பட்ட முறையில் தோற்றியபோது கணிதத்திற் சித்தி, மற்றைய பாடங்களில் மீண்டும் தோல்வி. எமது பெரியவர் சொன்ன கதை இதுதான். கதையை அவர் இந்த இடத்தில் நிறுத்திவிட்டார்.

அதன் பின்னர் வந்த ஆண்டுகள் கொடியவை. தொழில் இல்லை, பட்டம் இல்லை. 1909 இல் ஜானகி அம்மாளுடன் விவாகமும் நடந்தது. கடுதாசி வாங்கப் பணம் போதாமையாற் சிலேட்டிலே கணக்கைச் செய்து, முழங்கையால் அழித்து, முடிவை மாத்திரம் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். வழி சிலேட்டோடு அழிந்தது. விடை தாளில் நின்றது. இந்தியக் கணிதக் கழகத்தை நிறுவிய இராமசுவாமி ஐயரை 1910 இற் கண்டார். நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திர ராவ் சில காலம் மாதந்தோறும் பணம் உதவினார். 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் 30 ரூபா சம்பளத்தில் எழுதுவினைஞர் வேலை கிடைத்தது.

1913 ஜனவரி 16 ஆம் நாள் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதம் உலகறிந்தது. அதனை விரித்தல் வேண்டா. அதன் பயனாகச் சென்னைப் பல்கலைக்கழகம் அதே ஆண்டு மே முதல் மாதம் 75 ரூபா அளித்தது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஆராய்ச்சி அறிக்கை தரவேண்டும் என்பது நிபந்தனை.

அவ்வறிக்கைகள் நுண்கணிதம் பற்றியவை. தொகையீடே முக்கிய பொருள். எம்போன்ற முதலாம் ஆண்டு மாணவர்க்கும் ஒரு பகுதி விளங்குகிறது. ஒரு சார்பை அடுக்குத் தொடராக விரித்தால் அதன் குணகங்கள் ஏதோ ஒரு விதிப்படி வரும். அவ்விதி 0, 1, 2 முதலிய நிறைவெண்களுக்கே உரியது. இராமாநுஜனோ அவ்விதியில் மறை எண்களையும் பின்னங்களையும் துணிந்து இட்டார். இட்டவுடன், பூச்சியத்திலிருந்து முடிவிலி வரை எடுக்கவேண்டிய தொகையீட்டின் பெறுமானம் தானாக வந்து நின்றது! பக்கம் பக்கமாகச் செய்யவேண்டிய தொகையீடுகள் இரண்டு மூன்று வரியில் முடிந்தன. இன்று இதனை இராமாநுஜனின் தலைமைத் தேற்றம் என்பர். ஆனால், எல்லாச் சார்புகளுக்கும் இது பொருந்தாது. எவற்றுக்குப் பொருந்தும் என்பதைப் பிற்காலத்தில் ஹார்டியே வரையறுத்துக் காட்டினார். எமது விரிவுரையாளர் கரும்பலகையில் எப்சிலனையும் டெல்டாவையும் எழுதி எம்மை வாட்டுவது எதற்காக என்று அப்போதுதான் எமக்குச் சிறிது புரிந்தது.

1914 மார்ச் 17 ஆம் நாள் கப்பலேறினார். கேம்பிரிட்ஜில் ஹார்டிக்கு ஒரு தர்மசங்கடம். முப்பதை நெருங்கும் இவ்வறிஞருக்கு நிறுவலின் முறையையும் கலப்பெண் சார்புகளையும் அரிச்சுவடியிலிருந்து கற்பித்தால் உள்ளத்தின் ஊற்று வற்றிவிடுமோ என்ற அச்சம். கற்பியாது விட்டாலோ பிழைகள் தொடரும். முதன்மை எண்களைப் பற்றி இராமாநுஜன் முதலில் எழுதியனுப்பியவற்றுள் முக்கியமான முடிவு ஒன்று பிழையென்று கண்டிருந்தார்கள். ஆகவே ஹார்டியும் அவருடைய நண்பர் லிட்டில்வுட்டும் அளவோடு கற்பித்தனர். மாணவரிடமிருந்து தாம் கற்றதே அதிகம் என்று ஹார்டி பின்னர் ஒப்புக்கொண்டார்.

குளிரைப் பற்றி ஒன்று சொல்லாதிருக்க எம்மால் முடியவில்லை. கட்டிலில் விரித்துச் செருகியிருந்த கம்பளிகளுக்குள்ளே நுழைந்து படுக்கவேண்டும் என்பதை அறியாமல், அவற்றின் மேலே படுத்து நடுங்கினாராம் இராமாநுஜன். மகலநோபிஸ் என்ற வங்காள நண்பரே அதனைக் காட்டிக் கொடுத்தார். பட்டிப்பொலவில் லயத்துச் சிறு பிள்ளைக்கும் தெரிந்த வித்தை! அங்கு யாரும் அவருக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

1916 இல் ஆராய்ச்சிக்காகப் பட்டம், 1918 இல் ரோயல் சொசைட்டி உறுப்பினர் பதவி, அதே ஆண்டு திரினிற்றிக் கல்லூரியின் ஃபெலோ என்ற மதிப்பு என்று பெருமைகள் அடுத்தடுத்து வந்தன. உடம்பு அதற்கு முன்னரே தளர்ந்திருந்தது. யுத்த காலத்திற் சைவ உணவுக்குப் பட்ட பாடும் சிறிதன்று.

இராமாநுஜன் தமது கண்டுபிடிப்புகளை நாமகிரித் தாயாரின் அருள் என்றே கூறிவந்தார். நாம் மிஷன் பாடசாலையிற் படித்தவராயினும் அதனை நகைக்கத் துணியோம். தாயாரின் அருளைச் சொல்லி மகிழ்பவர்கள் தேய்ந்துபோன அந்த முழங்கையையும் கூடவே நினைப்பார்களாக என்பது மாத்திரம் எமது வேண்டுகோள்.

எமது கவலை யாதெனில், 1903 முதல் 1913 வரை அவருக்குத் துணையாயிருந்தது முக்கியமாக ஒரேயொரு பழைய புத்தகம் என்பதே. ஐரோப்பாவில் நூறாண்டுக்கு முன்னரே அறிந்திருந்த பலவற்றை அவர் மீண்டும் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார். பதினெட்டு முதல் இருபத்தைந்து வயது வரையான காலம் வழிகாட்டுவாரின்றிப் போனதே பெரிய இழப்பு என்பது ஹார்டியின் கணிப்பு. பரீட்சையில் தோற்றதை எல்லோரும் பேசுகிறார்கள். இதனைப் பேசுவார் சிலர். எமது தோட்டப் பாடசாலைகளில் உயர்தரக் கணிதம் கற்பிக்க ஆசிரியர் கிடையாமல், வேறு ஊருக்குப் பஸ் ஏறிச் செல்லும் பிள்ளைகளையும், பழைய புத்தகம் ஒன்றை நால்வராகப் பகிர்ந்து படிப்பவர்களையும் நாம் அறிவோம். அவர்களிடம் போய் இராமாநுஜனும் தோற்றவர்தாமே என்று சொல்ல எமக்கு இனி வாய் வராது.

1919 இல் தாயகம் திரும்பினார். காசநோய் என்று அக்கால வைத்தியர்கள் கருதினர். ஈரலைத் தாக்கிய வேறு நோயாய் இருக்கலாம் என்று பிற்காலத்தார் சிலர் கூறுவர். படுக்கையிற் கிடந்தபடியே கணக்கெழுதினார். தாளை எடுத்துக் கொடுத்தவர் ஜானகி அம்மாள். 1920 ஏப்ரல் 26 ஆம் நாள், சென்னைச் சேத்துப்பட்டில், முப்பத்திரண்டு வயதில் உயிர் நீத்தார். ஜானகி அம்மாள் பல ஆண்டு திருவல்லிக்கேணியில் துணி தைத்து வாழ்ந்து 1994 இற் காலமானார்.

கடைசி ஆண்டில் எழுதிய தாள்கள் இங்கிலாந்து சென்று, கைமாறி, பலராலும் மறக்கப்பட்டன. 1976 இல் ஜோர்ஜ் அன்ட்ரூஸ் என்னும் அமெரிக்க அறிஞர் திரினிற்றிக் கல்லூரி நூலகத்திலே அவற்றைக் கண்டெடுத்தார். அறுநூறுக்கு மேற்பட்ட முடிவுகள் அவற்றில் இருந்தன. பெரும்பாலும் நிறுவல் இல்லை. அன்ட்ரூசும் புரூஸ் பேண்டும் ஒவ்வொன்றாக ஆராய்ந்து எழுதிய ஐந்து தொகுதிகள் 2005 முதல் 2018 வரை வெளிவந்தன.