அடைக்கலம் தந்த ஜாம் சாஹிப்

சென்ற மாதம் அம்பத்தூரில் ஜும்ஆ முடிந்து வெளியே வருகையில் ஒரு பெரியவர் நம்மை நிறுத்தினார். இலங்கைப் போரினால் ஊரை விட்டு வந்து, புழல் காவாங்கரை முகாமிலும் கும்மிடிப்பூண்டி முகாமிலும் வாழும் குடும்பங்களுக்கு நம் ஜமாஅத் உதவலாமா, அவர்களில் பெரும்பாலோர் நம் மார்க்கத்தவர் அல்லரே என்று வினவினார். ஸதகாவுக்கு அந்தத் தடையில்லை என்று மட்டும் அப்போது சொன்னோம். அவரிடம் சொல்லாமல் விட்ட வரலாறு ஒன்று உண்டு.

குஜராத்தில் நவாநகர் சமஸ்தானத்தை ஆண்டவர் ஜாம் சாஹிப் திக்விஜய்சிங்ஜி. கிரிக்கெட் வீரர் ரஞ்சியின் சகோதரர் மகன். 1895-ல் பிறந்து, இங்கிலாந்தில் பயின்று, ராணுவத்தில் பணியாற்றி, 1933-ல் ரஞ்சி மறைந்ததும் அரசேற்றார். இதுவரை மற்ற மன்னர்களின் கதைதான்.

1939-ல் போலந்தை ஜெர்மனியும் ரஷ்யாவும் பங்கு போட்டுக்கொண்டன. கிழக்குப் பகுதியிலிருந்து லட்சக்கணக்கானோர் குடும்பம் குடும்பமாகச் சரக்கு வண்டிகளில் ஏற்றப்பட்டு ஸைபீரியாவுக்கும் கஸக்ஸ்தானுக்கும் கடத்தப்பட்டனர். 1941-ல் ஜெர்மனி ரஷ்யாவையே தாக்கிய பின்னர்தான் விடுதலை கிடைத்தது. அதற்குள் பசியும் நோயும் எத்தனையோ பிள்ளைகளை அநாதைகளாக்கிவிட்டன.

அப்பிள்ளைகளில் ஒரு பகுதியினர் 1942-ல் அஷ்காபாத்திலிருந்து லாரிகளில் புறப்பட்டு, மஷ்ஹத், குவெட்டா வழியாக இந்தியா வந்து சேர்ந்தனர். அதே ஆண்டு ஜப்பான் குண்டு வீசும் என்று அஞ்சிச் சென்னையே காலியானதை நம் பாட்டனார் சொல்லக் கேட்டதுண்டு. தம் பாட்டுக்கே நாடு தவித்த வேளை அது. ஜாம் சாஹிபோ ஜாம்நகருக்கு அருகே பாலாச்சடியில், கடற்கரையில் இருந்த தம் கோடை மாளிகைக்குப் பக்கத்திலேயே முகாம் கட்டி அவர்களை ஏற்றார். சக மன்னர்களிடமும் செல்வர்களிடமும் நிதி திரட்டினார். இனி தம்மையே தந்தையாக எண்ணிக்கொள்ளுமாறு பிள்ளைகளிடம் கூறினார்.

நம்மைக் கவர்ந்தது சோறும் கூரையும் அல்ல. அவர் ஹிந்து, பிள்ளைகள் கத்தோலிக்கர். அவர்களுடைய பாதிரியாரையே முகாமுக்குப் பொறுப்பாக வைத்தார். பாடமும் வணக்கமும் அவர்கள் மொழியில், அவர்கள் முறைப்படியே நடந்தன. கீரை பிடிக்கவில்லை என்று பிள்ளைகள் சாப்பிட மறுத்தபோது, இனிச் சமைக்க வேண்டாம் என்று சமையற்காரரிடம் சொல்லிவிட்டாராம்! விருந்தாளியின் முகம் கோணாமல் பார்த்துக்கொள்வது இதுவல்லவா?

ஹபஷா நாட்டு மன்னர் நஜ்ஜாஷி நம் நினைவுக்கு வருகிறார். மக்காவின் கொடுமைக்குத் தப்பி வந்த ஸஹாபாக்களை ஏற்றபோது அவர் கிறிஸ்தவர். குறைஷிகள் பரிசுகளோடு வந்து கேட்டும் அகதிகளை அவர் ஒப்படைக்கவில்லை.

பாலாச்சடி முகாம் 1946-ல் மூடப்பட்டது. பிள்ளைகள் கோலாப்பூருக்கு அருகிலிருந்த வளிவடே முகாமுக்குச் சென்று, பின் பல நாடுகளுக்குப் பிரிந்தனர். ஜாம் சாஹிப் 1966-ல் காலமானார். வார்ஸா நகரில் நல்ல மகாராஜா என்ற பெயரில் ஒரு சதுக்கம் இருக்கிறது. முகாம் இருந்த இடத்தில் இன்று ஸைனிக் பள்ளி நடக்கிறது. அங்கு வளர்ந்தோரில் சிலர் முதுமையில் கடல் கடந்து வந்து அந்த மண்ணைப் பார்த்துச் சென்றனர்.

வரும் வெள்ளியன்று அப்பெரியவரைக் கண்டால் இதைச் சொல்ல எண்ணியுள்ளோம், இன்ஷா அல்லாஹ்.