உங்க ஏஐ சிலபஸில் 2 மார்க் கேள்வி... போத்தனூரில் பிறந்த அம்மாவின் பிள்ளை ஆலன் டூரிங்!

காலையில ராஜபாளையத்துல காலேஜ் பஸ் ஏறுறீங்க. காதுல இயர்போன், பாதித் தூக்கம். ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தா தூரத்துல ஆண்டாள் கோயில் கோபுரம் தெரியும், அதைத் தாண்டி கிருஷ்ணன்கோவில். ராஜபாளையத்திலேயே படிக்கிறவங்கன்னா இன்னும் அரைமணி நேரம் கூடுதலாத் தூங்கலாம், கொடுத்துவெச்சவங்க! எந்த காலேஜா இருந்தாலும், டிகிரி சர்ட்டிஃபிகேட்டில் ஏஐ-க்குப் பின்னால டேட்டா சயின்ஸ்னு போட்டாலும் மெஷின் லேர்னிங்னு போட்டாலும், முதல் யூனிட்லேயே ஒரு கேள்வி காத்திருக்கும். டூரிங் டெஸ்ட் என்றால் என்ன? 2 மார்க். நாலு வரி எழுதிட்டு அடுத்த கேள்விக்குப் போயிடுவீங்க.

அந்த 2 மார்க்குக்குப் பின்னால ஒரு மனுஷன் இருக்கிறார். அவருடைய அம்மா பிறந்தது கோயம்புத்தூருக்குப் பக்கத்தில் இருக்கும் போத்தனூரில். அண்ணன் பிறந்தது குன்னூரில். அப்பா வேலை பார்த்தது மதராஸ் மாகாணத்தில். அன்றைக்கு ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் இருந்த அதே மாகாணம்தான். நீங்க படிக்கிற டிகிரிக்கு அடித்தளம் போட்ட ஆலன் டூரிங், அந்த டிகிரியைப் படித்ததில்லை. அப்படி ஒன்று அப்போது இல்லவே இல்லை. செயற்கை நுண்ணறிவு என்ற பெயரையே 1955-ல்தான் அமெரிக்காவில் வைத்தார்கள். அவர் இறந்தது 1954-ல்.

குன்னூர் டு லண்டன்

அம்மாவைப் பெற்ற தாத்தா எட்வர்ட் வாலர் ஸ்டோனி, மதராஸ் ரயில்வேயில் தலைமைப் பொறியாளர். துங்கபத்திரா பாலம் அவர் கைவண்ணம். அந்தக் காலத்துத் துரைமார் வீட்டில் கூரையில் தொங்கும் பங்காவை ஆள் வைத்து இழுப்பார்கள் இல்லையா? அது கிரீச் கிரீச் என்று கத்தாமல் ஓட ஒரு சக்கரத்தைக் கண்டுபிடித்து, அதற்கு பேட்டன்ட்டும் வாங்கினார். பேரனுக்கு எங்கிருந்து வந்ததுன்னு இப்போ புரியுதா!

ஸ்டோனியின் மகள் எத்தல் சாரா, ஐ.சி.எஸ் அதிகாரி ஜூலியஸ் டூரிங்கைச் சந்தித்தது கப்பலில். 1907-ல் டப்ளினில் கல்யாணம். அடுத்த வருஷம் குன்னூரில் மூத்த பையன் ஜான் பிறந்தான். அப்புறம் அரசாங்க வேலைக்கே உரிய டிரான்ஸ்ஃபர் வாழ்க்கை. பார்வதிபுரம், அனந்தபூர், பெஜவாடா, கர்நூல் என்று சுற்றி, கடைசியாக இன்றைக்கு ஒடிசாவில் இருக்கும் சத்ரபூர். அங்கே இருந்தபோதுதான் எத்தல் இரண்டாவது முறை கர்ப்பமானார். பிரசவத்துக்கு லண்டன் போனார்கள். 1912 ஜூன் 23-ல் ஆலன் பிறந்தான்.

அப்பாவுக்கு லீவு முடிந்தது, கப்பல் ஏறினார். ஆலனுக்கு ஒன்றேகால் வயது ஆனபோது அம்மாவும் கிளம்பிவிட்டார். மதராஸ் வெயில் குழந்தைக்கு ஒத்துக்காது என்று காரணம் சொன்னார்கள். பிள்ளைகள் இருவரும் ஹேஸ்டிங்ஸ் பக்கத்தில் ஓய்வுபெற்ற ஒரு கர்னல் வீட்டில் விடப்பட்டார்கள். அம்மா இடையிடையே வருவார், திரும்பப் போவார். ஹாஸ்டல்ல இருந்துக்கிட்டு, வாரக் கடைசி எப்போ வரும்னு காலண்டரைப் பார்க்கிறவங்களுக்கு இது புரியும். உங்களுக்காவது வீடியோ கால் இருக்கு. அந்தப் பையனுக்கும் அம்மாவுக்கும் நடுவில் பல வாரக் கப்பல் பயணம் இருந்தது.

கடைசி பெஞ்ச் மார்க் ஷீட்

1926-ல் ஷெர்போர்ன் என்ற போர்டிங் பள்ளியில் சேர்ந்தான். பள்ளி திறக்கும் நாளில் இங்கிலாந்து முழுக்கப் பொது வேலைநிறுத்தம், ரயில் ஓடவில்லை. 13 வயதுப் பையன், சவுத்தாம்ப்டன் துறைமுகத்தில் இறங்கி சைக்கிளை எடுத்தான். ஏறக்குறைய 100 கிலோமீட்டர்! நடுவில் ஒரு இரவு ஓட்டலில் தங்கி, மறுநாள் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தான். ராஜபாளையத்திலிருந்து மதுரை வரைக்கும் தனியா சைக்கிள் மிதிச்சு, அதுக்கு மேலயும் கொஞ்சம் தூரம் போற கணக்கு.

பள்ளி அவனைக் கொண்டாடியதா என்றால், இல்லை. கிறுக்கலான கையெழுத்து, நோட்டெல்லாம் மைக்கறை. ஆங்கிலத்தில் வகுப்பிலேயே கடைசி. இவன் வெறும் சயின்ஸ்தான் படிக்கப் போகிறான் என்றால் இந்த மாதிரிப் பள்ளியில் நேரத்தை வீணடிக்கிறான் என்று தலைமை ஆசிரியரே எழுதினார்.

அங்கேதான் கிறிஸ்டோபர் மார்க்கம் வந்தான். ஒரு வருஷம் சீனியர். கணக்கு, வானியல், வேதியியல் எல்லாவற்றையும் ஆலனோடு பேச முதன்முதலாகக் கிடைத்த ஆள். ஆலனுக்கு அது நட்பு மட்டுமல்ல, முதல் காதலும்கூட. அவனோடு சேர்ந்து படிக்க ஆரம்பித்த பிறகுதான் இவனுடைய நோட்டுகள் கொஞ்சம் சுத்தமாயின. 1929 டிசம்பரில் இருவரும் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியின் ஸ்காலர்ஷிப் தேர்வு எழுதப் போனார்கள். மார்க்கமுக்குக் கிடைத்தது, ஆலனுக்குக் கிடைக்கவில்லை. இரண்டே மாதத்தில், 1930 பிப்ரவரி 13-ல், மார்க்கம் இறந்துபோனான். சின்ன வயதில் நோயுள்ள மாட்டின் பாலைக் குடித்ததால் வந்த காசநோய்.

17 வயது ஆலன் அந்த அம்மாவுக்குக் கடிதம் எழுதினான், வருஷக்கணக்கில் எழுதினான். மனசு என்பது உடம்போடு எப்படி ஒட்டியிருக்கிறது, உடம்பு போன பிறகு அது என்ன ஆகிறது என்று ஒரு சின்னக் கட்டுரையே அவருக்காக எழுதினான். பின்னாளில் அந்த நம்பிக்கைகளை எல்லாம் கைவிட்டார். கேள்வி மட்டும் போகவில்லை. மூளை என்ற பொருளுக்குள் மனசு என்பது எங்கே இருக்கிறது? ஏஐ-யோட வரலாற்றை எல்லாரும் கணக்கிலிருந்து தொடங்குறாங்க. என்னைக் கேட்டா, அது இந்த இழப்பிலிருந்து தொடங்குது.

புல்வெளியில் பிறந்த கம்ப்யூட்டர்

அடுத்த வருஷ முயற்சியில் கேம்பிரிட்ஜின் கிங்ஸ் கல்லூரியில் இடம் கிடைத்தது. கணிதம் படித்தார். 22 வயதில் ஃபெலோ ஆகிவிட்டார். 1935-ல் மேக்ஸ் நியூமன் என்ற பேராசிரியரின் வகுப்பில் ஒரு பெரிய கேள்வி வந்தது. கணிதத்தில் ஒரு கூற்று நிரூபிக்கக்கூடியதா இல்லையா என்று, மூளையைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாமல், இயந்திரம் மாதிரி படிப்படியாகச் செய்து முடிவு சொல்லும் ஒரு வழி உண்டா?

ஓட்டப்பயிற்சிக்குப் போய், கிரான்ட்செஸ்டர் புல்வெளியில் மல்லாந்து படுத்திருந்தபோது டூரிங்குக்கு விடை தட்டுப்பட்டது. முடிவே இல்லாத நீளமான ஒரு பேப்பர் நாடா, அதில் கட்டம் கட்டமாக இடம். ஒரு கருவி ஒரு நேரத்தில் ஒரு கட்டத்தைப் படிக்கும், அழிக்கும், எழுதும், இடமோ வலமோ நகரும். அவ்வளவுதான். கணக்கிடக்கூடிய எதையும் இது செய்துவிடும் என்றார். அதைவிட முக்கியம், விதிகளையே நாடாவில் எழுதிக்கொடுத்தால் ஒரே கருவி எல்லா வேலையும் செய்யும் என்றும் காட்டினார். உங்க போன்ல மேப், கேமரா, கேம் எல்லாம் ஒரே டப்பாவுக்குள்ள ஓடுறது இந்த ஐடியாவாலதான். கம்ப்யூட்டர் என்றால் அப்போது கணக்குப் போடும் குமாஸ்தா என்றுதான் அர்த்தம்!

லேபில் ப்ரோக்ராம் ரன் கொடுத்துட்டு உட்கார்ந்திருப்பீங்க. இது வேலை செய்யுதா, லூப்ல மாட்டிக்கிச்சா? எல்லா ப்ரோக்ராமுக்கும் பொருந்துற மாதிரி அதை முன்கூட்டியே சொல்லும் ஒரு வழி கிடையவே கிடையாது. 1936-ம் வருஷத்து அந்தக் கட்டுரையிலிருந்து கிடைக்கும் முடிவு இது. அதனால உங்க மேல தப்பில்லை, மேடத்துகிட்ட தைரியமாச் சொல்லலாம்.

பிரின்ஸ்டனில் பிஹெச்.டி முடித்துத் திரும்பியதும் போர். பிளெட்ச்லி பார்க்கில் ஜெர்மானியரின் எனிக்மா சங்கேதத்தை உடைத்த கதையை சினிமாவில் பார்த்திருப்பீங்க. படத்தில் இயந்திரத்துக்கு கிறிஸ்டோபர் என்று பெயர், நிஜத்தில் முதல் இயந்திரத்தின் பெயர் விக்டரி. தனியொருவர் சாதனையும் அல்ல. போலந்து கணிதவியலாளர்கள் முன்பே வழி போட்டிருந்தார்கள், கோர்டன் வெல்ச்மன் வடிவமைப்பை மேம்படுத்தினார். ஆனால், ப்ராபபிலிட்டி பேப்பரில் வரும் பேயஸ் தியரத்தின் முறையில் சாட்சியங்களை எடை போட்டு, கடற்படை எனிக்மாவை நெருங்கியது டூரிங்தான். மகரந்த அலர்ஜிக்காக கேஸ் மாஸ்க் மாட்டிக்கொண்டு சைக்கிள் ஓட்டினார். டீ மக் தொலையாமல் இருக்க அதைச் சங்கிலியால் ரேடியேட்டரோடு பூட்டி வைத்தார். ஓட்டம் மட்டும் நிற்கவில்லை. 1947-ல் 2 மணி 46 நிமிடத்தில் மாரத்தான் ஓடியிருக்கிறார்.

வேலை போயிடுமா?

ஏஐ படிக்கிறவங்களும் படிக்காதவங்களும் இன்றைக்குக் கேட்கும் கேள்வி இது. ஜர்னலிசம் டிப்ளோமா படிச்சிட்டு இதைத் தட்டிக்கிட்டிருக்கிற எனக்கும் இருக்கு. டூரிங் 1947-லேயே லண்டனில் ஒரு உரையில் இதைத் தொட்டார். இந்த இயந்திரங்களுக்கு நுட்பம் சொல்லிக்கொடுக்கும் நிபுணர்களின் வேலையையே ஒருநாள் இயந்திரம் எடுத்துக்கொள்ளலாம். அப்போது அந்த நிபுணர்கள் தங்கள் வேலையைப் பெரிய மர்மம் போலக் காட்டி, யாருக்கும் புரியாத மொழியில் சாக்குச் சொல்லுவார்கள் என்றார். ஆபீஸ் மீட்டிங்குகளில் உட்கார்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1948-ல் அறிவுள்ள இயந்திரங்கள் பற்றி ஓர் அறிக்கை எழுதினார். நரம்பு வலைப்பின்னல் மாதிரியான அமைப்புகளுக்குப் பயிற்சி கொடுப்பது அதில் இருக்கிறது, அதாவது உங்க நியூரல் நெட்வொர்க் பாடத்தின் விதை. பள்ளிக்கூடப் பையன் கட்டுரை என்று அவருடைய நிறுவன இயக்குநர் ஒதுக்கினார். அச்சில் வந்தது 1968-ல், அவர் இறந்து 14 வருஷம் கழித்து. ப்ராஜெக்ட் ரிவ்யூவில் திட்டு வாங்கினவங்க இதைக் குறிச்சு வெச்சுக்கலாம்.

1950-ல்தான் அந்த 2 மார்க். திரைக்கு அந்தப் பக்கம் இருப்பது மனிதனா, இயந்திரமா என்று எழுத்தில் கேள்வி கேட்டுக் கண்டுபிடிக்கும் விளையாட்டு. கெய்டு புக் அதோடு நிறுத்திடும். ஆனா அந்தக் கட்டுரையில் எனக்குப் பிடிச்ச இடம் கடைசிப் பகுதி. பெரியவரின் மூளையைச் செய்ய ஏன் மெனக்கெட வேண்டும், குழந்தையின் மூளை மாதிரி ஒன்றைச் செய்து பாடம் சொல்லிக்கொடுக்கலாமே என்கிறார். பரிசும் தண்டனையும் கொடுத்துப் பழக்கலாம். உள்ளே என்ன நடக்கிறது என்பது வாத்தியாருக்கே பெரும்பாலும் தெரியாமல் போகும் என்பதையும் அப்போதே எழுதிவிட்டார். கூடவே ஒரு வரி போகிறபோக்கில் வருகிறது. அந்த இயந்திரக் குழந்தையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப முடியாது, மற்ற பிள்ளைகள் ரொம்பக் கேலி செய்வார்கள் என்று. ஷெர்போர்ன் ஞாபகம் வந்திருக்குமோ என்னவோ.

1952-க்குப் பிறகு

வீட்டில் திருட்டு. போலீஸில் புகார் கொடுத்தார். விசாரணையில், இன்னொரு ஆணோடு தனக்கு உறவு இருந்ததை மறைக்காமல் சொல்லிவிட்டார். அது அப்போது இங்கிலாந்தில் குற்றம். சிறைக்குப் போகாமல் இருக்க ஒரு வருஷம் பெண் ஹார்மோன் சிகிச்சைக்கு ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. நாட்டின் ரகசியங்களைக் காத்தவருக்கு ரகசியப் பணிக்கான அனுமதி பறிபோனது. 1954 ஜூன் 7-ல் இறந்தார், வயது 41. உடம்பில் சயனைடு, பக்கத்தில் பாதி கடித்த ஆப்பிள். தற்கொலை என்று தீர்ப்பானது.

2009-ல் பிரிட்டன் பிரதமர் மன்னிப்புக் கேட்டார், 2013-ல் அரச மன்னிப்பு வந்தது. நம்ம ஊர் 377-வது பிரிவும் அதே பிரிட்டிஷ் ஆட்சி 1860-ல் எழுதி வைத்ததுதான். சம்மதத்தோடு சேரும் பெரியவர்களை அது தொடக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2018 செப்டம்பர் 6-ல்.

கம்ப்யூட்டர் துறையின் மிகப்பெரிய விருது இன்று அவர் பெயரில். 1994-ல் அதை வாங்கிய ராஜ் ரெட்டி, சென்னை கிண்டி இன்ஜினீயரிங் காலேஜில் படித்தவர். ஆசியாவிலிருந்து அதைப் பெற்ற முதல் ஆள்.

போத்தனூரில் பிறந்த அந்த அம்மா? மகனைப் பற்றிய முதல் வாழ்க்கை வரலாற்றை 1959-ல் எழுதியவர் அவர்தான். போர்க்கால வேலையை எழுத முடியவில்லை, அது ரகசியம். வழக்கைப் பற்றி எழுத மனம் வரவில்லை. தற்கொலை என்பதை மட்டும் அவர் கடைசிவரை ஏற்கவில்லை. வீட்டிலேயே ரசாயனங்களை வைத்துப் பரிசோதனை செய்கிற பிள்ளை, கையைச் சரியாகக் கழுவாமல் ஆப்பிளைத் தொட்டிருப்பான் என்றே நம்பினார். கையைக் கழுவு, கையைக் கழுவு என்று எத்தனை தடவை சொல்லியிருந்தார்!