கழற்றிப் பார்த்துக் கற்ற மேதை



பாலிடெக்னிக்கில் படிக்கும் நாம் மறக்கக் கூடாத மாமனிதர் ஜி.டி. நாயுடு. கோவைக்கு அருகே கலங்கல் கிராமத்தில், விவசாயக் குடும்பத்தில் 1893-ம் ஆண்டு மார்ச் 23-ம் தேதி பிறந்தார். பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்துவரவில்லை. ஆரம்ப வகுப்புகளோடு படிப்பு நின்றது.

வாலிப வயதில், வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். மாடும் இல்லை, குதிரையும் இல்லை, வண்டி எப்படி ஓடுது? அந்தக் கேள்வி அவரை விடவில்லை. கோவை ஹோட்டலில் சர்வராக வேலை பார்த்துக் காசு சேர்த்தார். அந்த வண்டியையே 300 ரூபாய்க்கு வாங்கினார் என்பார்கள். வாங்கி ஊர் சுற்றினாரா? இல்லை! பாகம் பாகமாகக் கழற்றினார், திரும்ப மாட்டினார். அந்த வண்டிதான் அவருக்குக் காலேஜ்.

நான் பொழுதுபோக்காக வாட்ச் ரிப்பேர் பழகுகிறேன். அதனால் கழற்றி மாட்டுவது என்றால் என்னன்னு கொஞ்சம் தெரியும். சாவி கொடுக்கும் வாட்சில் மெயின் ஸ்பிரிங்கின் முறுக்கை முதலில் இறக்க வேண்டும். அவசரத்தில் அதை மறந்து மேல் தகட்டைக் கழற்றினால் சக்கரங்கள் சர்ரென்று சுற்றிப் பல் உடைந்து போகலாம். புதுசாகப் பழகுகிறவர்கள் தடுமாறும் இடம் இது. ஒருமுறை உடைத்தவர் அப்புறம் ஆயுசுக்கும் மறக்க மாட்டார்.

நாயுடுவும் சறுக்காதவர் அல்ல. பருத்தி வியாபாரத்தில் சம்பாதித்ததைப் பம்பாயில் இழந்துவிட்டு ஊர் திரும்பினார். சோர்ந்து உட்காரவில்லை. 1920-ல் ஒரே ஒரு பஸ்ஸோடு பொள்ளாச்சி - பழநி தடத்தில் இறங்கினார். 1933-ல் அவருடைய யு.எம்.எஸ். நிறுவனத்தில் 280 பஸ்கள்! 1937-ல் டி. பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து மின் மோட்டாரும் உருவாக்கினார்.

1945-ல் அவருடைய முயற்சியால் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் தொழிற்கல்வி நிலையம் தொடங்கியது. இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரியின் ஆரம்பம் அதுதான். நீண்ட வருஷப் படிப்பு வீண், இரண்டு ஆண்டு போதும் என்பது அவர் கொள்கை. அரசு ஏற்கவில்லை, பொறுப்பைவிட்டு விலகினார். 1974 ஜனவரி 4-ல் மறைந்தார்.

இதனால் படிப்பே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். வெள்ளானூரில் எங்க வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். எங்கப்பாவும் பள்ளிக்கூடம் போகாதவர்தான். ஆனால் கழற்றிப் பார்க்க அவருக்கு ஒரு வண்டி கிடைக்கவில்லை. வயிற்றுப்பாட்டுக்கே நேரம் சரியாகப் போய்விட்டது.

நமக்கு ஒர்க்‌ஷாப் இருக்கிறது, லேத் இருக்கிறது, சொல்லித்தர ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அடுத்தவன் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதிவிட்டு, மெஷினைத் தொடாமலே மூன்று வருஷத்தை ஓட்டினால் நஷ்டம் யாருக்கு? தப்பு வந்தால் வரட்டும், திருத்திக்கொள்ள இதுதான் இடம். வெளியே வேலைக்குப் போனபின் யார் நம்மைக் கழற்றிப் பழக விடுவார்கள்?

கை அழுக்காகட்டும் நண்பர்களே!

- டிப்ளமோ மாணவன், மெக்கானிக்கல் பிரிவு