பரியின் மனமறிந்த செனபன்

குதிரை என்றதும் நம்மவர் நெஞ்சில் முதலில் தோன்றுவது மதுரை வீதியிலே நரிகள் பரிகளாகி வந்த திருவிளையாடலே. பாண்டியனுக்குக் குதிரை வாங்கச் சென்ற திருவாதவூரர் திருப்பெருந்துறையிலே குருவைக் கண்டு, கொண்டுசென்ற பொருளையெல்லாம் ஆலயப் பணியிற் செலவிட்ட வரலாற்றைச் சைவச் சிறுவர் எவரும் அறிவர். குதிரையைப் பழக்கும் கலையும் நமது பழங்கதைகளிற் பெருமை பெற்றதே. நளன் வாகுகனாகி இருதுபன்னனுடைய தேரைச் செலுத்தியதும், நகுலன் விராட மன்னனின் குதிரை லாயத்திலே பணிபுரிந்ததும் நாம் கேட்டு வளர்ந்தவை. ஆயின் குதிரைச் சவாரியைத் தாமும் பயின்று, பிறர்க்கும் பயிற்றி, அதன் நுணுக்கங்களைத் தெளிந்த உரைநடையில் எழுதிவைத்த ஒருவரின் வாழ்க்கையை அறிய விரும்புவோர் பழைய கிரேக்க நாட்டை நோக்க வேண்டும். செனபன் என்பது அவர் பெயர்.

செனபன் ஏறத்தாழக் கி. மு. 430ஆம் ஆண்டளவில் அதென்ஸ் நகர நாட்டைச் சேர்ந்த செல்வக் குடியொன்றிற் பிறந்தார். தந்தையார் பெயர் கிரில்லஸ். அந்நாளில் சொந்தமாகக் குதிரை வைத்திருத்தல் செல்வர்க்கே இயல்வதாயிருந்தது. அத்தகைய வீட்டுப் பிள்ளைகளே குதிரைப்படையிற் சேர்ந்தனர். செனபன் அவ்வகுப்பிலே வளர்ந்தவர். எனினும் இளமையில் அவருக்கு வாய்த்த பெரும்பேறு குதிரையன்று, குருவேயாம். ஒடுங்கிய தெருவொன்றிலே சோக்கிரதீஸ் தமது கைத்தடியைக் குறுக்கே நீட்டி அவரை மறித்து, இன்னின்ன பண்டங்கள் எங்கே கிடைக்கும் என்று வினவினாராம். இளைஞர் ஒவ்வொன்றுக்கும் விடை கூறினார். நல்ல மனிதர் எங்கே உருவாகின்றனர் என்று அடுத்துக் கேட்டதும் விடை தெரியாது திகைத்து நின்றார். அப்படியாயின் தம்மைப் பின்தொடர்ந்து வந்து கற்றுக்கொள்ளும்படி சோக்கிரதீஸ் அழைத்தார் என்று பழைய வரலாறு கூறும். குரு தாமே எதிர்வந்து சீடனை ஆட்கொள்ளும் கதை நமக்குப் புதியதன்றே!

சீடரோ குருவின் சொல்லை எப்போதும் நேர்படக் கேட்டவரல்லர். பாரசீக இளவரசன் சைரஸின் சேனையிற் சேர வருமாறு நண்பர் புரொக்செனஸ் அழைத்தபோது, செனபன் சோக்கிரதீஸிடம் யோசனை கேட்டார். தெல்பி ஆலயத்துத் தெய்வவாக்கைக் கேட்டுவரும்படி குரு அனுப்பினார். செனபன் அங்கே சென்று, போவதா விடுவதா என்று கேளாமல், எத்தெய்வங்களை வழிபட்டால் பயணம் இனிது முடியும் என்று மாத்திரம் கேட்டு வந்தார். போவதென்று முன்னரே முடிவு செய்துவிட்டுப் பின்னர்க் கோயிலிற் பூக்கட்டிப் பார்ப்போர் நம்மிடையேயும் உளர். சோக்கிரதீஸ் கடிந்துகொண்டார், கேட்டது கேட்டாயிற்று, இனித் தெய்வம் சொன்னபடி செய்துவிட்டுப் போகுமாறு விடையளித்தார். அதன்பின் சீடர் குருவைக் கண்டதில்லை.

கி. மு. 401இல் குனக்சா என்னும் இடத்திலே சைரஸ் தன் தமையனான பாரசீக மன்னனோடு பொருது மாண்டான். அவனுக்காகக் கூலிக்குப் போர்புரியச் சென்ற கிரேக்கர் ஏறத்தாழப் பதினாயிரவர் அந்நிய நாட்டின் நடுவிலே தனித்து நின்றனர். புரொக்செனஸ் உட்பட அவர்களுடைய தளபதிகள் வஞ்சகமாகப் பிடிபட்டுக் கொல்லப்பட்டனர். அந்த இரவிலே எழுந்து ஏனையோர்க்கு ஊக்கமளித்த செனபன் புதிய தளபதிகளுள் ஒருவரானார். மலைகளையும் ஆர்மீனியப் பனியையும் கடந்து கி. மு. 400இல் கருங்கடற் கரையை அவர்கள் அடைந்த வரலாற்றை அவரே விரித்தெழுதியுள்ளார். அது பெரிய கதை. இங்கே குதிரைகளைப் பற்றியவற்றை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

கிரேக்கரிடம் அப்போது குதிரைப்படையே இல்லை. பகைவரிடமோ ஏராளம். படைவீரர் இதனால் மனங்கலங்கியபோது, போரிலே குதிரை கடித்தோ உதைத்தோ இறந்தவர் எவருமில்லை என்றும், தப்பியோடுவதற்கு மாத்திரமே குதிரை கூடிய வசதி என்றும் சொல்லி அவர்களைத் தேற்றினார். குதிரையின் பெறுமதியை நன்கறிந்தவர் வாயில் இச்சொல் பிறந்தது வேடிக்கையே. சில தினங்களுள் சுமை தூக்கும் குதிரைகளிலிருந்து தக்கனவற்றைத் தெரிந்தெடுத்து, 50 பேர் கொண்ட குதிரைப்படையொன்றை அமைப்பித்தவரும் அவரே.

ஒருநாள் குன்றொன்றின் உச்சியைப் பகைவர்க்கு முன்னே பிடிக்க வேண்டியிருந்தது. செனபன் குதிரைமேல் இருந்தபடி வீரரை விரைவுபடுத்தினார். சொத்தெரிதாஸ் என்ற வீரன், அவர் குதிரைமேற் செல்லத் தான் கேடயம் சுமந்து வருந்துவது நீதியோ என்று முறையிட்டான். செனபன் உடனே கீழே குதித்து, அவனை வரிசையிலிருந்து தள்ளி, அவனுடைய கேடயத்தை வாங்கிக்கொண்டு, குதிரை வீரனுக்குரிய கனத்த மார்புக் கவசத்தோடு மலையேறினார். சுமை தாங்காது தடுமாறினார், ஆயினும் நடந்தார். கண்ட வீரர் சொத்தெரிதாஸை அடித்தும் ஏசியும் கேடயத்தைத் திரும்ப வாங்கச் செய்தனர். குதிரைமேல் இருப்பவன் கீழே நடப்பவனுடைய நோவை அறிதல் அரிது. அதை ஒரு கணத்திலே உணர்ந்து இறங்கியமையே செனபனின் சிறப்பென்று எனக்குத் தோன்றுகிறது.

ஆர்மீனியாவிலே பனியிற் குதிரைகள் வயிறுவரை புதைந்தன. குதிரைகளின் கால்களிலே சிறு பைகளைக் கட்டினால் அவை புதையமாட்டா என்பதை அவ்வூர்த் தலைவன் ஒருவனிடம் கற்றுக்கொண்டனர். தமது குதிரை முதுமையாலும் வழிநடையாலும் தளர்ந்துவிட்டதைக் கண்ட செனபன் அதை அத்தலைவனிடம் ஒப்படைத்தார். சூரியனுக்குரியது எனக் கேள்விப்பட்டு, அதைத் தேற்றிப் பின்னர்ப் பலியிடுமாறு கொடுத்தார். நம் மனம் இதற்கு இணங்காது. அவரளவில், பனியிலே விழுந்து சாவதிலும் அது மேலெனக் கருதினார் போலும்.

இனி, கி. மு. 399. அதென்ஸிலே சோக்கிரதீஸ் நஞ்சுண்டு இறந்த ஆண்டு அது. தொலைவில் லம்ப்சாக்கஸ் என்னும் துறைமுகத்திலே, வழிச்செலவுக்கும் பணமின்றி, செனபன் தமது குதிரையை விற்றார். இத்தனை காலம் படை நடத்தியவர் வெறுங்கையர் என்பதை எவரும் நம்பவில்லை. பழைய நண்பரான நிமித்திகர் ஒருவர் பலியிட்ட குறிகளைப் பார்த்து, சேயுஸ் கடவுளுக்கு வீட்டிற் செய்துவந்த பரம்பரைப் பூசையை அவர் பயணம் புறப்பட்ட நாள்முதல் நிறுத்தியதே தடை என்றார். அடுத்த ஊரிலே செனபன் முறைப்படி பூசை செய்தார். அன்றே படைக்குச் சம்பளம் கொண்டுவந்த பியோன், நௌசிக்கிளிதீஸ் என்ற இருவர் அவருடைய குதிரையையும் உடன் கொண்டுவந்து நின்றனர். அக்குதிரைமேல் அவருக்கு எவ்வளவு பிரியம் என்பதைக் கேள்வியுற்று, 50 பொற்காசு கொடுத்து அதை மீட்டிருந்தனர். அப்பணத்தைத் திரும்பப் பெறவும் மறுத்துவிட்டனர். எத்தனையோ போர்களை எழுதியவர் தம் நூலின் கடைசிப் பக்கங்களில் இந்தச் சிறு நிகழ்ச்சிக்கும் இடம் வைத்தாரெனின், அது அவர் மனத்தில் எவ்வளவு ஆழப் பதிந்திருக்க வேண்டும்!

பின்னர் அவர் ஸ்பார்த்தா மன்னன் அகெசிலாஸின் பக்கம் சேர்ந்தார், கி. மு. 394இல் கொரோனியாப் போரின்போது அதென்ஸுக்குப் பகையான அணியிலே நின்றார். பிறந்த நாட்டுக்கு எதிரே நின்ற இக்குறையை அவரைப் போற்றுவோரும் மறைத்தற்கில்லை. அதென்ஸ் அவரை நாடுகடத்தியது. ஒலிம்பியாவுக்கு அண்மையிலே ஸ்கில்லஸ் என்னும் ஊரில் ஸ்பார்த்தர் அவருக்கு நிலம் வழங்கினர். அங்கே அர்த்தெமிஸ் தேவிக்குச் சிறு கோயில் எடுத்து, விளைச்சலிற் பத்திலொன்றைச் செலவிட்டு ஆண்டுதோறும் விழாக் கொண்டாடினார். மனைவி பிலேசியா; மைந்தர் இருவர், கிரில்லஸ், தியோதோரஸ். அப்பிள்ளைகளைத் தியோஸ்குரி என்று பட்டப்பெயரிட்டு அழைத்தனராம். தியோஸ்குரி என்போர் குதிரையேறி வரும் கிரேக்க இரட்டைத் தேவர். நமது அசுவினி தேவரை ஒத்தவர்.

இளைய நண்பர்களுக்கென அவர் எழுதிய குதிரையேற்ற நூல் அளவிற் சிறியது. குதிரைப் பயிற்சியைப் பற்றிய முதல் எழுத்து அதுவன்று. அதற்கு ஆயிரம் ஆண்டளவு முன்னரே மித்தன்னி நாட்டுக் கிக்குலி என்பவர் தேர்க்குதிரைகளைப் பழக்கும் முறையைக் களிமண் ஏடுகளில் எழுதுவித்தார். அவற்றிலே வரும் ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு என்ற எண்ணுப் பெயர்கள் வடமொழியை ஒத்திருப்பது வியப்புக்குரியது. செனபனும் தமக்கு முன் எழுதிய சீமோன் என்பவரை நன்றியோடு குறிப்பிடுகிறார். ஆயின் குதிரையின் உள்ளத்தை நோக்கி எழுதியதிலே செனபனுக்கு நிகர் அக்காலத்தில் இல்லை.

குதிரை வாங்குவோன் முதலிற் பார்க்க வேண்டியது குளம்பை என்கிறார். அடித்தளம் கெட்டால் வீடு அழகாயிருந்தென்ன? அக்காலக் கிரேக்கர் குதிரைக்கு ஆணியடித்து லாடம் கட்டியதில்லை. ஆகவே கைக்கடக்கமான உருண்டைக் கற்களை நாலைந்து வண்டி பரப்பி, அவற்றின்மேல் குதிரையை நிற்கவைத்துக் குளம்பை உரமாக்கச் சொல்கிறார். அங்கவடியும் இல்லை, சட்டமிட்ட சேணமும் இல்லை. பிடரி மயிரையோ ஈட்டியையோ பற்றித் தாவியேற வேண்டும். ஏறியபின் நாற்காலியில் இருப்பவன்போல் அமராது, கால்களை அகற்றி நிமிர்ந்து நிற்பவன்போல் இருத்தல் வேண்டும் என்பது அவர் பாடம்.

பயிற்சிக்காரனிடம் விடுமுன்பே குட்டி மனிதரோடு இணங்கியிருக்க வேண்டும். பசி, தாகம், ஈக்கடி ஆகியவற்றை அது தனிமையிலே அறியட்டும். தீனியும் தண்ணீரும் ஈயோட்டும் கையும் மனிதரிடமிருந்து வரட்டும். அப்போது அது மனிதரை நேசிப்பதோடு, அவர் வரவுக்கு ஏங்கியும் நிற்கும் என்கிறார். தடவும்போதும் குதிரை தானாக எட்ட முடியாத இடங்களைத் தடவ வேண்டுமாம். சனக்கூட்டத்தினூடே அழைத்துச் சென்று பலவகைக் காட்சிகளையும் ஓசைகளையும் பழக்க வேண்டும். ஏதேனுமொன்றைக் கண்டு அது மிரண்டால் அடிக்கலாகாது. அடித்தால், பயந்த பொருளே நோவையும் தந்தது என்று குதிரை எண்ணிப் பயம் இரட்டிக்கும். நாமே அப்பொருளைத் தொட்டுக்காட்டி மெல்ல அருகிற் கொண்டுசெல்ல வேண்டும். கோபத்தோடு குதிரையை ஒருபோதும் அணுகாதே என்பதே அவர் தலையாய விதி. வலிந்து செய்விக்கப்படுவதைக் குதிரை விளங்கிச் செய்வதில்லை. சாட்டையால் அடித்து ஆட்டுவிக்கப்படும் கூத்தனிடத்தில் அழகு எங்கிருந்து வரும்? சொன்னதைச் செய்த மறுகணமே கடிவாளத்தை இளக்க வேண்டும். அந்த இளக்கமே அதற்குப் பரிசு.

பிரம்பின்றிப் படிப்பில்லை என்று கேட்டு வளர்ந்த நம்மிற் பலர் இப்பகுதியைப் படிக்கும்போது சற்றுத் தரித்து நிற்பர். செனபன் மனிதரை அடித்ததில்லையோ எனின், அடித்தார். நோயாளி ஒருவனைச் சுமக்கும்படி விடப்பட்டவன், அவன் உயிரோடிருக்கவே குழிதோண்டிப் புதைக்க முயன்றதைக் கண்டு அவனை அடித்தார். பின்னர்ப் படையினர் முன்னிலையில் அதை ஒப்புக்கொண்டு காரணமும் கூறினார். அடங்காத குதிரைக்குக் கரடுமுரடான கடிவாளத்தையும் அவர் அனுமதிக்கிறார். ஆயினும் அதைப் பழக்கியபின் மெல்லிய கடிவாளத்துக்கு மாறவேண்டும் என்பதே அவர் கருத்து. பல நூற்றாண்டுகளின் பின் பிரான்சிலே 13ஆம் லூயி மன்னனுக்குச் சவாரி பயிற்றிய புளூவினெல் என்பவரும் இத்தகைய மென்மையையே கைக்கொண்டார்.

கி. மு. 371இல் லூக்திராப் போரிலே ஸ்பார்த்தா வீழ்ந்தது. செனபன் ஸ்கில்லஸை இழந்து கொரிந்து நகரிற் குடியேறினார். அதென்ஸும் ஸ்பார்த்தாவும் பகை மறந்து ஒன்றுபட்ட காலத்தில், மைந்தர் இருவரையும் அதென்ஸின் படைக்கு அனுப்பினார். கி. மு. 362இல் மந்தினேயாவிலே நடந்த குதிரைப்படைப் போரிற் கிரில்லஸ் உயிர் துறந்தான். செய்தி வந்தபோது தந்தையார் மாலை சூடிப் பூசை செய்துகொண்டிருந்தாராம். மாலையைக் கழற்றினார், மகன் வீரனாக இறந்தான் என்று கேட்டதும் மீண்டும் சூடிக்கொண்டார். கண்ணீர் விடவில்லை என்றும், இறப்புக்குரிய ஒருவனையே தாம் பெற்றதை அறிவேன் என்றார் என்றும் கூறுவர். ஏறத்தாழக் கி. மு. 354இல் அவரும் மறைந்தார்.

தாம் எழுதிய கிரேக்க வரலாற்றை மந்தினேயாப் போரோடு அவர் முடித்தார். அக்குதிரைப்படைப் போரில் நல்ல மனிதர் இறந்தனர் என்று மட்டும் அதில் உள்ளது. மகனுடைய பெயர் இல்லை. மந்தினேயா மக்களோ குதிரைமேல் அமர்ந்த கிரில்லஸின் உருவத்தைக் கல்லிற் செதுக்கி வைத்தனர். ஐந்நூறு ஆண்டுகளின் பின் அவ்வழியாகச் சென்ற பயணி பௌசானியஸ் அக்கல்லைக் கண்டு, அவ்வீரன் செனபனின் மகன் என்று எழுதியிருக்கிறார்.